வேலியோரப் பிரண்டையும் கடல் கடந்த நாகதாளியும்

ஓர் ஊரின் வரலாறு அரசர் ஆணைகளிலும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் ஆலயப் பத்திரங்களிலும் அடங்கிவிடுவதில்லை. மக்கள் எதனை உண்டனர், எதனை உண்ணாது விடுத்தனர், உண்ணத்தகாததுபோலத் தோன்றியதை எவ்வாறு உணவாக்கினர் என்பனவும் வரலாற்றின் கூறுகளே. இவை ஏட்டில் ஏறுவது அரிது. கையிலிருந்து கைக்கும் நாவிலிருந்து நாவுக்கும் சென்று, பயில்வார் இல்லாதபோது ஓசையின்றி மறைவன. வறள் நிலத்துக்குரிய சதைப்பற்றுத் தாவரங்கள் இரண்டின் வரலாற்றை ஒப்புநோக்கின் இவ்வுண்மை தெளிவாகும். ஒன்று யாழ்ப்பாணத்து வேலிகளிற் படர்ந்த பிரண்டை; மற்றொன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து கரையோர மணலில் வேரூன்றிய நாகதாளி. இரண்டும் நீரின்றி வாழ வல்லவை, இரண்டும் உண்ணத்தக்கவை. எனினும் ஒன்று அடுக்களையுட் புகுந்தது. மற்றொன்று அழிக்கவேண்டிய களையாக எண்ணப்பட்டது. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆறில்லா ஊரும் நீர்தாங்கும் செடியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், தெல்லிப்பழைக்கும் மல்லாகத்துக்கும் அயலில் அமைந்தது அளவெட்டி. நாதசுரமும் தவிலும் வளர்த்த ஊர் என்று கலையுலகில் அது பேர்பெற்றது. கும்பிழாவளைப் பிள்ளையாரை வணங்கும் அவ்வூர் மக்கள் நெடுங்காலமாகச் செம்மண்ணைப் பண்படுத்தி வாழும் உழவர்கள். அம்மண்ணின் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். வானம் பொழியும் நீரை அக்கல் தன் வெடிப்புகளினூடே உறிஞ்சி அடியிற் சேர்த்துக்கொள்ளும். ஆதலின் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என வழங்குவதும் மாரியில் மட்டும் நீரோடிக் கடனீரேரியைச் சேரும் ஓர் ஓடையே. கிணறும் துலாவுமே வேளாண்மைக்கு உயிராய் இருந்தன.

மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வாடைக்காலத்திற் பெய்துவிடும். அதன்பின் தை கழியத் தொடங்கும் வறட்சி நெடுமாதங்கள் நீடிக்கும். கிணற்றுநீரை இறைத்து ஊற்றும் தோட்டத்துப் பயிர் ஒருபுறமிருக்க, எவரும் நீர் ஊற்றாத வேலியிலும் பனங்கூடலின் ஓரத்திலும் பசுமை மாறாது நிற்கும் சில செடிகள் உண்டு. அவற்றுள் தலையாயது பிரண்டை. நாற்கோணத் தண்டும், கணுக்களில் இறுகிச் சிறுத்த தோற்றமும், ஆங்காங்கே ஒன்றிரண்டு இலைகளும், பற்றிப் படரும் சுருள்களும் உடைய இக்கொடி, திராட்சைக் குடும்பத்தைச் சார்ந்தது. கிளுவையிலும் பூவரசிலும் முள்முருக்கிலும் ஏறிப் படர்ந்து, கோடையில் இலையை உதிர்த்துத் தண்டினாலேயே உயிர்வாழும்.

அதன் உயிர்வாழ்வின் நுட்பம் தாவரவியலார் ஆராய்ந்து கண்டதாகும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொள்ளும். அப்பொழுது அவற்றின் நீர் ஆவியாகிப் போகும். பிரண்டையின் சதைப்பற்றுள்ள தண்டோ வெயில் தணிந்த இரவில் துளைகளைத் திறக்கின்றது. உட்கொண்ட வாயுவை அமிலமாக மாற்றித் தன்னகத்தே வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அவ்வமிலத்திலிருந்து உணவு ஆக்கிக்கொள்கின்றது. பாலைநிலத்துக் கள்ளியினங்களும் கையாளும் வழி இதுவே.

பெயரும் பதிவும்

பிரண்டை தமிழ்நிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஆபிரிக்காவின் வறள்வெளிகளிலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குக் கிழக்கேயுள்ள நாடுகளிலும் அது இயற்கையாக வளர்கின்றது. மலையாளத்தில் சங்ஙலம்பரண்ட எனவும், சிங்களத்தில் ஹீரெஸ்ஸ எனவும், வடமொழியில் வச்சிரவல்லி எனவும் வழங்கும். முறிந்த எலும்பைக் கூட்டுவது என்னும் பொருளில் அஸ்திசம்ஹாரகம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஐரோப்பியர் இக்கொடியை அறிந்தது இந்நாட்டு மக்கள் வாயிலாகவே. கொச்சியில் ஒல்லாந்தரின் ஆட்சித்தலைவராயிருந்த வான் றீடு என்பார், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் மருத்துவரின் துணையுடன் தொகுத்த மலையாளத் தாவர நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அம்ஸ்ரர்டாமில் அச்சாயிற்று. 1688இல் வெளிவந்த ஏழாம் தொகுதியில் இக்கொடி அதன் மலையாளப் பெயருடனேயே இடம்பெற்றது. சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1767இல் இதற்கு இன்றுள்ள தாவரவியற் பெயரை வழங்கினார். அவர்தம் மாணாக்கர் போர்ஸ்கால் யேமன் நாட்டிற் கண்டு எழுதிய குறிப்பு, அவர் அங்கேயே 1763இல் உயிர்நீத்த பின்னர், 1775இல் நூலாக வெளிவந்தது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி திறிமன் எழுதிய இலங்கைத் தாவரநூலின் முதற்பகுதி 1893இல் வெளியாயிற்று. பிரண்டை அதிலே திராட்சையினத்துள் வைத்துக் கூறப்பட்டுள்ளது.

இப்பதிவுகள் அனைத்தும் செடியின் உருவத்தையும் வாழிடத்தையும் செம்மையாக உரைப்பன. ஆயின் அதனைத் துவையலாக்கும் முறை யாதென்பது தாவரநூல்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அவ்வறிவு வேறோரிடத்திற் பேணப்பட்டது.

அரிப்பை வென்ற அடுக்களை

பிரண்டையைப் பச்சையாகக் கடித்தவர் இரண்டாம் முறை கடிக்கத் துணியார். நாவும் தொண்டையும் நமைந்து எரியும். நறுக்கும் கைகளும் அரிக்கும். பெற்ற வயிற்றிற் பிரண்டையைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்று, மக்களால் மனம் நொந்த தாய் வெறுத்துரைக்கும் பழமொழி இவ்வரிப்பை எல்லாரும் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும். தண்டின் கலங்களில் கல்சியம் ஒட்சலேற்று என்னும் பொருள் கண்ணுக்குப் புலனாகாத ஊசிகள்போலப் படிகமாகியிருப்பதே இதன் காரணம். விலங்குகள் தன்னை மேயாதிருக்கச் செடி தேடிக்கொண்ட காவல் அது.

அக்காவலைக் கடந்து உள்ளிருக்கும் உணவை எடுக்கும் வழியைக் கண்டவர் யாவர் என்று வரலாறு பெயர் கூறாது. அவர்கள் அடுக்களையில் நின்ற பெண்கள் என்பது மட்டும் ஐயமின்றிக் கூறலாம். அவர்கள் கண்ட முறை பல படிகளை உடையது. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலாவது, தேர்ந்து பறித்தல். முற்றிய தண்டு நாரும் காரலும் மிகுந்தது. ஆதலின் கொடியின் நுனியிலுள்ள இரண்டு மூன்று இளங்கணுக்களையே ஒடிப்பர். நகம் பட்டவுடன் முறிவது இளசு; வளைந்து நார் இழுப்பது முற்றல். இரண்டாவது, கைக்குக் காப்பு. நறுக்குமுன் விரல்களில் நல்லெண்ணெய் பூசிக்கொள்வர். மூன்றாவது, துப்புரவு செய்தல். கணுக்களைக் கழித்து, நான்கு விளிம்புகளிலும் ஓடும் நாரை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்குவர். நான்காவது, புளிப்பிற் சேர்த்தல். சிலர் மோரிற் கழுவுவர். சிலர் புளிநீரில் ஊறவிடுவர். ஐந்தாவது, எண்ணெயில் வதக்குதல். பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும்வரை பொறுமையுடன் வதக்கவேண்டும். அரைகுறையாய் வதங்கின் அரிப்பு நீங்காது.

இவ்வாறு பக்குவமான பிரண்டையை, வறுத்த உழுத்தம்பருப்பு, செத்தல் மிளகாய், உள்ளி, தேங்காய்ப்பூ, பழப்புளி, உப்பு என்பவற்றோடு அம்மியில் வைத்து அரைப்பின் துவையலாகும். சோற்றுக்கும் பிட்டுக்கும் அது துணை. உழுந்து மாவொடு சேர்த்துத் தட்டி வெயிலில் உலர்த்தின் வடகமாகும்; மாரிகாலத்திற் கறிக்குரிய காய் அருகும்போது பொரித்துக்கொள்ளலாம். புளிக்குழம்பிலும் இரசத்திலும் இடுவதுண்டு. பசி மந்தித்த முதியோர்க்கும் நோயிலிருந்து எழுந்தோர்க்கும் பிரண்டை பசியைத் தூண்டும் என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

இம்முறையில் வெப்பமும் புளியும் எண்ணெயும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் காண்க. இவற்றுள் ஒன்றை விடுப்பினும் உண்பவரின் தொண்டை அதனை உடனே அறிவித்துவிடும். எனவே இப்பக்குவம் தலைமுறைதோறும் தன்னைத்தானே சோதித்துத் திருத்திக்கொண்ட அறிவாகும். நூலில் எழுதப்படாமையால் அது அறிவாகாது என்று கொள்ளுதல் பிழை.

நஞ்சும் கைப்பும் காரலும் நீக்கி உணவாக்கும் இத்திறன் பிரண்டை ஒன்றோடு நின்றதன்று. கற்றாழையின் மேற்றோலைச் சீவி, மஞ்சள் நிறக் கைப்புநீர் வடியவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை ஏழுமுறை கழுவவேண்டும் என்பர். கருணைக்கிழங்கைப் புளியிட்டு அவிப்பதும், பனங்கிழங்கை ஒடியலாக்கிச் சேமிப்பதும் வறண்ட நிலத்தார் கையாண்ட வழிகளே. 1942இல் பர்மா யப்பானியர் வசமானபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கை முழுவதும் பங்கீட்டரிசியை நம்பி வாழ நேர்ந்தது. அத்தகைய காலங்களில் வளவையும் வேலியையும் உணவாக்கத் தெரிந்த குடும்பமே தாங்கி நின்றது என்பதை எளிதில் உணரலாம்.

சிராத்தக் கறியும் வைத்திய நூலும்

வீட்டறிவு மறவாதிருக்கச் சமூகம் கையாண்ட உத்திகள் இரண்டு. ஒன்று சடங்கு, மற்றொன்று மருத்துவம்.

தென்னாட்டுச் சிராத்த மரபில் வச்சிரவல்லியாகிய பிரண்டைக்குத் தனியிடம் உண்டு. வசிட்டர் இல்லத்தில் உணவுகொள்ள வந்த விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும் என்றாராம். அருந்ததி பாகற்காயையும் பிரண்டையையும் பலாக்காயையும் வேறு எட்டுக் கறிகளோடு படைத்தாராம். சிராத்தகாலத்தில் பாகல் நூறு கறிக்கும், பிரண்டை முந்நூறு கறிக்கும், பலா அறுநூறு கறிக்கும் ஒப்பாகும் என்பது மரபு. ஆக எட்டொடு கூட்டத் தொகை நிரம்பிற்று என்று கதை கூறும். கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும் அதன் பயன் தெளிவு. விலைகொடுத்து வாங்கவேண்டாத வேலிக்கொடி ஒன்றை முந்நூறு கறிக்கு நிகராக்கியதனால், ஏழையின் இலையிலும் குறைவில்லாப் பிதிர்க்கடன் இயல்வதாயிற்று. ஆண்டுக்கொரு முறையேனும் பிரண்டையைப் பக்குவம் செய்யவேண்டிய கடமையும் குடும்பத்திற்கு உண்டாயிற்று. அப்பக்குவத்தை இளையோர் கண்டு கற்கும் வாய்ப்பும் அதனால் நிலைபெற்றது.

மருத்துவ மரபும் இவ்வாறே துணைநின்றது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவம் பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய நூல்களாற் சிறந்தது. இவற்றுட் பரராசசேகரத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சிற் கொணர்ந்தவர் வலிகாமத்து ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை ஆவர். இருபாலைச் செட்டியார் இயற்றிய பதார்த்த சூடாமணி, உண்ணும் பொருள்களின் குணங்களைக் கூறுதற்கென்றே எழுந்தது. உணவும் மருந்தும் வேறல்ல என்னும் நோக்கு இம்மரபின் அடித்தளம். அந்நோக்குள்ள ஊரில் வேலியோரச் செடி ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் பயனும் இருத்தல் இயல்பே.

எலும்பைக் கூட்டுவது என்ற பழம்பெயர் வெறும் புனைவன்று என்பதற்குப் பிற்கால ஆய்வு ஒன்று துணையாகின்றது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் ஜி. சி. பிரசாத்தும் 1960களின் முற்பகுதியில் எலும்பு முறிந்த விலங்குகளுக்குப் பிரண்டைச் சத்தைக் கொடுத்து ஆராய்ந்து, முறிவு விரைந்து கூடுவதாக அறிவித்தனர். மனிதருக்கு எவ்வளவில் எவ்வாறு பயன்படும் என்பது அதன்பின்னும் ஆய்வுக்குரியதாகவே தொடர்ந்தது. எனினும் மக்கள் வழக்கு ஆய்வாளருக்கு வழிகாட்டிற்று என்பது இங்கே கருதத்தக்கது.

செடி வந்தது, சமையல் வரவில்லை

இனி நாகதாளியின் வரலாற்றை நோக்குவோமாயின் முற்றிலும் வேறான காட்சி தோன்றும். சப்பாத்துக்கள்ளி எனவும் வழங்கும் இச்செடி, தட்டையான பசுந்தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று முளைத்து வளர்வது. முள் நிறைந்தது; மஞ்சட் பூவும் செந்நீலப் பழமும் உடையது. இதன் இனங்கள் அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியன. கொலம்பசு 1492இல் அக்கண்டத்தை அடையுமுன் ஆசியாவில் இச்செடி இல்லை.

தன் பிறந்த நாட்டில் அது களையன்று, உணவு. மெக்சிக்கோவின் தெகுவாக்கன் பள்ளத்தாக்குக் குகைகளில் 1960களில் நிகழ்ந்த அகழ்வாய்வு, அங்கு வாழ்ந்த தொல்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கள்ளியை உண்டனர் என்பதைக் காட்டிற்று. அசுத்தேக்கர் தம் தலைநகராகிய தெனோச்தித்லானை 1325இல் நிறுவியபோது, கள்ளியின்மீது கழுகு அமர்ந்திருந்த இடத்தையே தேர்ந்தனர் என்பது அவர்தம் ஐதிகம். அக்கள்ளியும் கழுகும் மெக்சிக்கோ நாட்டுக் கொடியில் இன்றும் விளங்குகின்றன. அந்நாட்டார் இளந்தண்டின் முள்ளைக் கத்தியாற் சீவி, நறுக்கி, அவித்தோ சுட்டோ கறியாக உண்பர்; பழத்தைத் தோல் நீக்கித் தின்பர். சந்தையில் முள் களைந்த தண்டுகளை விற்கும் பெண்களை அங்கே காணலாம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பிரண்டையின் அரிப்பை வென்றது போலவே, மெக்சிக்கோப் பெண்கள் கள்ளியின் முள்ளை வென்றனர்.

கள்ளியைக் கீழை நாடுகளிற் பரப்பியவர்களின் நாட்டம் உணவின்மீது செல்லவில்லை, சாயத்தின்மீது சென்றது. கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுக்கப்பட்டது. அவ்வணிகம் இசுப்பானியர் கையில் இருந்தது. அதனைப் பறிக்க விரும்பிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்சு அண்டர்சன் 1786 முதல் எடுத்த முயற்சிகளுக்கு ஆதரவளித்தனர். பூச்சிக்கு இரையாகக் கள்ளித் தோட்டங்கள் அமைந்தன. 1795இல் நீல்சன் என்னும் கப்பித்தான் பிறேசிலின் றியோ நகரிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவிற் கொணர்ந்து சேர்த்தார். ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனமன்று; இழிந்த வேறோர் இனம். சாயத்தொழில் தோற்றது, செடி மட்டும் எஞ்சிற்று.

தவறாக வந்த அப்பூச்சி மற்றொரு வகையிற் பயன்பட்டது. ஒருவகைக் கள்ளியை அது விரும்பித் தின்று அழித்தமை கண்டு, 1830களில் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் அதனைக் கொண்டுசென்று விட்டனர். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பூச்சியைக் கொண்டுசென்று களையை அடக்கிய முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இது அறிவியல் வரலாற்றில் எண்ணப்படுகின்றது. ஆயினும் முட்செறிந்த நாகதாளியை அப்பூச்சி தீண்டவில்லை. அது இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் தமிழகத்துப் புன்செய் நிலங்களிலும் பரவிற்று. 1924இல் அதனை உண்ணவல்ல வேறோர் இனப்பூச்சி இலங்கைக்குக் கொணரப்பட்டது. 1926இல் இங்கிருந்து தென்னிந்தியாவுக்குச் சென்றது. சில ஆண்டுகளில் கள்ளிப் புதர்கள் பெருமளவில் அழிந்தன. முற்றும் ஒழியவில்லை, தென்னிலங்கையின் புந்தல தேசிய வனத்தில் நாகதாளியின் பரவல் இந்நூற்றாண்டிலும் ஒரு பிரச்சினையாகவே இருக்கின்றது. அவுத்திரேலியாவில் இதனினும் பெரிதாய்ப் பரவிய கள்ளி, 1925 அளவில் ஏறக்குறைய ஆறு கோடி ஏக்கர் நிலத்தை மூடியிருந்தது.

இவ்வளவு பரந்த நிலத்தில் உணவாகத்தக்க ஒரு செடி நின்றபோதும், அதன் அருகே மக்கள் பசித்திருந்தனர். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78 ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் கிடைத்த கீரையையும் கிழங்கையும் காயையும் தேடியலைந்தனர். கள்ளிப்பழத்தையும் உண்டனர். சிறுவர்கள் பழத்தை மணலில் உருட்டி நுண்முள்ளைப் போக்கித் தின்று நாவைச் சிவப்பாக்கிக்கொள்வது பின்னும் தொடர்ந்த வழக்கம். தண்டின் முள்ளைச் சுட்டு மாட்டுக்கு இரையாக்க முயன்றதும் உண்டு. ஆனால் முள் சீவிய இளந்தண்டைக் கறியாக்கும் மெக்சிக்கோச் சமையல் இந்நாட்டு வீடுகளில் வேரூன்றவில்லை. செடியைக் கப்பலில் ஏற்றியவர்கள் அதனைச் சமைக்கத் தெரிந்தவர்களை உடன் கொணரவில்லை. அவர்களிடம் கேட்டறிந்து எழுதிவரவுமில்லை. மிளகாயும் மரவள்ளியும் அதே கண்டத்திலிருந்து வந்து தமிழர் அடுக்களையில் நிலைபெற்றிருக்க, கள்ளி வாயிலுக்கு வெளியே நின்றமைக்கு ஒரு காரணம் இதுவாகலாம். முன்னையவை உண்பதற்கென்றே கொணரப்பட்டன. கள்ளி சாயப்பூச்சிக்கெனக் கொணரப்பட்டது.

இரு வரலாறுகளும் உணர்த்துவது

பிரண்டை, நாகதாளி ஆகிய இரண்டையும் நிறுத்துப் பார்ப்பின் புலப்படும் உண்மை இதுவே: செடி தானாக உணவாவதில்லை. செடிக்கும் இலைக்கும் இடையே ஒரு பக்குவம் வேண்டும். அப்பக்குவம் உள்ளவிடத்து அரிக்கும் கொடியும் அமுதாகும். இல்லாதவிடத்து உண்ணத்தக்கதும் முட்புதராய் நிற்கும். மெக்சிக்கோவில் உணவாயிருந்த கள்ளி, கடலைக் கடந்தவுடன் களையாயிற்று. அதன் தன்மை மாறவில்லை. அதனைச் சூழ்ந்த மக்களின் அறிவே மாறிற்று.

இதன் மறுதலையும் எண்ணத்தக்கது. கடல் கடவாமலேயே ஒரு செடி அவ்வாறு களையாதல் கூடும். செடி நின்ற இடத்தில் நிற்க, அதனைப் பக்குவம் செய்யத் தெரிந்தவர் மறைந்துவிடின், சொந்த மண்ணிலேயே அது அயற்செடி ஆகிவிடும். யாழ்ப்பாணத்துப் பிரண்டைக்கு அந்நிலை நேரத்தகும் என்று அஞ்சுதற்குக் காரணங்கள் உள.

முதற்காரணம் வேலியின் மறைவு. ஒழுங்கையின் இருமருங்கும் கிடுகும் பனையோலையும் கொண்டு அடைத்த உயிர்வேலி யாழ்ப்பாணத்தின் அடையாளமாய் இருந்தது. கதியாலுக்குக் கதியால் படர்ந்த கொடிகளும் அதிற் கூடுகட்டிய குருவிகளும் வேலிக்குரிய குடிகள். வேலியை ஆண்டுதோறும் அடைக்கும் உழைப்பு அருகியபோது, மதிலும் தகரமும் முட்கம்பியும் அதனிடத்தைப் பிடித்தன. மதிலிற் பிரண்டை படர்வதை அழுக்கென்று கருதி அறுத்தெறிவோரும் உளர்.

இரண்டாவது காரணம் போரினால் விளைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். அடுத்த ஆண்டிற் பலர் மீண்டனர். பலர் வன்னிக்கும் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றனர். பேத்தியும் பாட்டியும் ஒரே அடுக்களையில் நிற்கும் வாழ்வு பல குடும்பங்களில் முறிந்தது. துவையல் அரைக்கும் பக்குவம் சொல்லிக் கொடுத்து வருவதன்று. அருகில் நின்று பார்த்து, கைநடுக்கம் தீரச் செய்து வருவது. அருகில் நிற்பதே அரிதாயின் அப்பக்குவம் எங்ஙனம் தொடரும்?

மூன்றாவது காரணம் நூதனமானது. பிரண்டை மேலைநாட்டுக் கடைகளில் மாத்திரையாகவும் தூளாகவும் விற்பனைக்கு வந்துள்ளது. எலும்புக்கு வலுவென்றும் உடல் மெலியும் என்றும் விளம்பரங்கள் உரைக்கின்றன. தென்னிந்தியப் புன்செய்க் காடுகளில் வளரும் கள்ளிமுளையானுக்கும் இதுவே நேர்ந்தது. உறொக்ஸ்பரோ 1795இல் அச்செடியை விவரித்தபோது, அதன் தண்டை மக்கள் பச்சையாகத் தின்பதையும் குறித்து வைத்தார். ஏழை பசிக்குத் தின்ற அச்செடி, இன்று உண்டு கொழுத்தோரின் பசியை அடக்கும் மருந்தென்று விலையாகின்றது. மாத்திரையை விழுங்குவோர்க்குச் செடியின் இளசும் முற்றலும் தெரியவேண்டுவதில்லை; அரிப்பும் புளியும் அறியவேண்டுவதில்லை. பொருள் பரவும், அறிவு பரவாது.

ஆகவே பேணவேண்டியது செடியை மட்டுமன்று. பிரண்டை தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லது. ஒரு கணுவை ஒடித்து மண்ணில் ஊன்றினாலும் வேர்விடும். ஆறு மாதம் மழையின்றியும் வாழும். அதனைச் சூழ்ந்த அறிவுக்கு அத்தகைய உரம் இல்லை. ஒரு தலைமுறை விடுபட்டால் அது பட்டுப்போகும், பட்டபின் தளிர்ப்பதில்லை. கல்வெட்டுகளைப் படியெடுப்பதும் ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றுவதும் அறிஞர் கடனாயிருத்தல்போல, ஊர்ப் பாட்டியரின் பக்குவங்களைக் கேட்டு எழுதிவைத்தலும் வரலாறு பயிலும் மாணாக்கரின் கடனாகும். எந்தக் கணுவில் ஒடிப்பது, எவ்வளவு நேரம் வதக்குவது, எந்த நாளில் எதற்காகச் சமைப்பது என்னும் சிறு வினாக்களின் விடைகளே ஓர் ஊரின் வாழ்வை விளங்கவைக்கும்.

அளவெட்டியின் செம்மண் ஒழுங்கைகளில் எஞ்சிய உயிர்வேலிகளிற் பிரண்டை இன்னும் படர்கின்றது. வாடைமழைக்குப் பின் அதன் நுனிகள் மென்பச்சையாய்த் துளிர்க்கும். அத்துளிரை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுசெல்லத் தெரிந்த கை உள்ளவரை அது உணவு. அக்கை இல்லாத நாளில் அதே கொடி, கடல் கடந்து வந்த நாகதாளியைப்போல, எவர்க்கும் உறவில்லாத பச்சையாய் அங்கே நிற்கும்.